கைக்குழந்தையோடு மலிவு விமானத்தில்: மலையகத்துப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

குழந்தையோடு முதல் தடவை விமானம் ஏறப்போகிறவர்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்காக: முன்பு கட்டுநாயக்கவில் செக்-இன் கவுண்டரில் வேலை செய்தேன், இப்போது அட்டனில் டிக்கட் போட்டுக் கொடுக்கிறேன், இரண்டு பிள்ளைகளின் தாய். மலிவு விமானம் என்றாலே குழந்தை வாடிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அலைச்சல் முழுக்க அதற்கு முன்னால், காகிதங்களிலும் மலை இறங்கும் பாதையிலும் இருக்கிறது. ஆகவே என் பதில்களும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

தலவாக்கலையிலிருந்து: அக்கா, பாப்பாவுக்கு அஞ்சு மாசம். சென்னைக்குப் போறோம். மடியிலதானே வச்சிருக்கப் போறேன், அவளுக்கும் டிக்கட் எடுக்கணுமா?

எடுக்கத்தான் வேண்டும், தங்கச்சி. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி சீட் தேவையில்லை. ஆனால் பயணிகள் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. முழுச் சேவை தரும் கம்பனிகள் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீத அளவும் வரியும் எடுப்பார்கள். மலிவுக் கம்பனிகள் போக இவ்வளவு, வர இவ்வளவு என்று ஒரே தொகையாக வைத்திருப்பார்கள். அதனால் ஓஃபரில் உங்கள் டிக்கட் மலிவாகக் கிடைக்கும் நாளில், குழந்தைக்கான தொகை உங்கள் டிக்கட்டின் கிட்டவே வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், தவறாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரியும் விலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். குழந்தை, ஒரு லக்கேஜ், பக்கத்துப் பக்கத்து சீட் எல்லாவற்றையும் சேர்த்து, காசு கட்டும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அந்தத் தொகையை மற்றக் கம்பனியின் கடைசித் தொகையோடு ஒப்பிடுங்கள். சில நாட்களில் வித்தியாசம் ஒன்றுமே இருக்காது. அப்படிப்பட்ட நாளில் லக்கேஜும் சாப்பாடும் உள்ளடங்கிய டிக்கட்டையே எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்று. குழந்தை சேர்ந்த டிக்கட்டுக்குப் பல கம்பனிகளில் ஒன்லைன் செக்-இன் நடக்காது. கவுண்டருக்குப் போய்க் குழந்தையின் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: மகனுக்கு 23 மாசம். கோலாலம்பூர் போய் ஆறு வாரம் கழிச்சு வாறோம். இடையில ரெண்டு வயசு முடியுது. என்ன செய்யணும் அக்கா?

போகும்போது மடிக்குழந்தை, திரும்பும்போது சீட் எடுத்த பிள்ளை. ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தந்தத் திகதியில் உள்ள வயதுதான் கணக்கு. சில கம்பனிகளின் இணையத்தளம் இதைத் தானாகப் பிரித்துக் காட்டாது. அப்போது போக ஒரு டிக்கட், வர ஒரு டிக்கட் என்று தனித்தனியாகப் போடுங்கள். பிறந்தநாளுக்கு முன்பே திரும்ப முடிந்தால் ஒரு சீட்டுக் காசு மிச்சம்.

பொகவந்தலாவையிலிருந்து: அக்கா, பாப்பா பேரையும் எங்க பாஸ்போர்ட்ல சேர்த்துக்கலாமா, இல்ல தனியா எடுக்கணுமா? பிறப்புச் சான்றிதழ்ல அவங்க அப்பா பேர் சிங்களத்துல கொஞ்சம் வேற மாதிரி இருக்கு.

எத்தனை நாள் பிள்ளையாக இருந்தாலும் தனிப் பாஸ்போர்ட் எடுங்கள். விசாவும் அப்படித்தான். இந்தியாவுக்கு இ-விசா போடுகிறீர்கள் என்றால் பிள்ளைக்கு வேறாக ஒரு விண்ணப்பம் போட வேண்டும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்குக் கவலை. நம் ஆட்களுக்கு இது பழைய வியாதி. தோட்டத்தில் ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் கேட்டு எழுதியிருப்பார். அது சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது ஒரு எழுத்துக் கூடும், ஒரு எழுத்துக் குறையும். அடையாள அட்டையில் ஒரு விதம், கல்யாணச் சான்றிதழில் ஒரு விதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதம். டிக்கட் போட என்னிடம் வருகிறவர்களின் காகிதங்களை மேசையில் பரப்பி, தகப்பன் பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. நீங்களும் வீட்டில் இதையே செய்யுங்கள். சின்ன வித்தியாசம் என்றால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் போய்க் கேளுங்கள், திருத்தத்துக்கு வழி சொல்வார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிறகு திருத்துவது இரட்டை வேலை.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பன் வெளிநாட்டில் என்றால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய சம்மதக் கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். அது வந்து சேர நாளாகும், ஆகவே முதலில் அதைத் தொடங்குங்கள். படத்தை நினைத்த ஸ்டூடியோவில் எடுக்க முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்து, பால் குடித்த பிறகு கூட்டிப்போங்கள். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிடித்திருக்கும் உங்கள் கை தெரியக் கூடாது. நெற்றியிலும் கன்னத்திலும் வைத்த கறுப்புப் பொட்டைப் படம் எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் துடைத்துவிடுங்கள், வெளியே வந்ததும் வைத்துக்கொள்ளலாம். பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம் வரை அலைய வேண்டியதில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

பாஸ்போர்ட் கைக்கு வருவதற்கு முன் டிக்கட் போடாதீர்கள். மலிவு டிக்கட்டில் பெயர் திருத்துவதற்கே தனிக் காசு கேட்பார்கள்.

நுவரெலியாவிலிருந்து: ரம்பொடைப் பாதையில இறங்கும்போதே எனக்குக் காது அடைக்குது. ஏழு மாசப் பிள்ளைக்கு விமானத்துல காது தாங்குமா? போன கிழமை தடிமனும் பிடிச்சிருந்தது.

நல்ல கேள்வி, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். விமானம் எவ்வளவு மேலே பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 2400 மீற்றர் உயரத்தில் உள்ள அளவுக்குக் கீழே போக விடமாட்டார்கள். வழக்கமாக 1800 முதல் 2400 மீற்றருக்குள் இருக்கும். அதாவது வானத்தில் உங்கள் பிள்ளை மூச்சு விடும் காற்று, கிட்டத்தட்ட அவன் பிறந்த ஊர்க் காற்றுத்தான். கொழும்புப் பிள்ளையைவிட அவனுக்கு அது பழக்கமான உயரம்.

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. நீங்கள் நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஐந்தாறு மணி நேரம் எடுத்து இறங்குகிறீர்கள். அதே இறக்கத்தை விமானத்துக்குள் ஏறக்குறைய 20 நிமிடத்தில் காது சமாளிக்க வேண்டும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் ஒரு மெல்லிய குழாய் உண்டு, அதன் வழியாகக் காற்றுப் போய்வந்து இரண்டு பக்க அழுத்தத்தையும் சமன் செய்யும். குழந்தைகளுக்கு அது ஒடுக்கமாகவும் படுக்கையாகவும் இருக்கும். விழுங்கும்போது திறக்கும். நமக்கு எச்சில் விழுங்கத் தெரியும், கொட்டாவி விடத் தெரியும். பிள்ளைக்கு அதைப் பாலால் செய்ய வைக்க வேண்டும்.

ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். பலர் ஏறும்போதே வயிறு நிறையக் கொடுத்துவிடுகிறார்கள், இறங்கும்போது பிள்ளை வாய் திறக்காது. ஏறும்போது கொஞ்சம் கொடுங்கள், மிச்சத்தை வையுங்கள். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது விமானத்தின் சத்தம் மாறும், மூக்குப் பக்கம் லேசாகத் தாழும், அறிவிப்பும் வரும். சக்கரம் கீழே வரும் வரை காத்திருந்தால் பிந்திவிடும். அந்த முதல் அறிவிப்பிலேயே பிள்ளையை எழுப்பி, தலையை உயர்த்திப் பிடித்து, தாய்ப்பாலோ போத்தலோ கொடுங்கள். தூங்கும் பிள்ளையை எழுப்ப மனம் வராதுதான். ஆனால் தூக்கத்தில் விழுங்குவது குறைவு, வலியில் தானாக எழுந்தால் அழுகையை நிறுத்துவது கஷ்டம். அழுதாலும் பரவாயில்லை, அழும்போதும் காது திறக்கும்.

தடிமன் விஷயம் வேறு. மூக்கடைப்பு இருந்தால் அந்தக் குழாயும் வீங்கியிருக்கும். பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு டொக்டரிடம் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். காது பழுத்திருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் டிக்கட் போனாலும் போகட்டும், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சாதாரண சளி என்றால் ஏறுவதற்கு முன் உப்பு நீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடியும்.

இராகலையிலிருந்து: தூங்குறதுக்குப் பிரிட்டோன் சிரப் கொஞ்சம் கொடுத்தா நல்லதுன்னு சொல்றாங்களே?

கொடுக்காதீர்கள். யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பிரிட்டோனும் ஃபெனர்கனும் அலர்ஜிக்கான மருந்துகள், பிள்ளையைத் தூங்க வைக்க அல்ல. சில பிள்ளைகளுக்கு அது நேரெதிராக வேலை செய்து, தூங்காமல் துடிக்க வைக்கும். ஃபெனர்கனில் இருக்கும் ப்ரோமெத்தசின் மூச்சை அடக்கிவிடும் அபாயம் உள்ளதால், இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று 2004ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கடுமையான எச்சரிக்கை விட்டது. ஒன்றரை மணி நேர அழுகைக்குப் பயந்து பிள்ளையின் மூச்சில் விளையாடக் கூடாது.

அட்டனிலிருந்து ஒரு அப்பா: அக்கா, காலை 9 மணி விமானம். இரவு 12 மணிக்கு வேன்ல புறப்பட்டா சரிதானே?

தம்பி, கணக்கில் சரி, பிள்ளைக்குச் சரியில்லை. கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக நாலரை, ஐந்து மணி நேரம். நடுச்சாமத்தில் பனிமூட்டம் இருந்தால் இன்னும் கூடும். சர்வதேசப் பயணத்துக்குக் கவுண்டரை வழக்கமாக 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், சில கம்பனிகளில் அதைவிட முந்தியும். மலிவு டிக்கட்டில் பிந்தி வந்தால் காசும் போச்சு, பயணமும் போச்சு. அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுங்கள் என்று கெஞ்சினாலும் கவுண்டரில் நிற்கிறவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே நின்றவள் நான், அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

காலை விமானம் என்றால் முதல் நாள் பகலே இறங்கிவிடுங்கள். நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஒரு சாதாரண அறையில் இரவு தங்குங்கள். அதற்குப் போகும் காசு வீண் காசு அல்ல. குளிரில் வளர்ந்த பிள்ளைக்குக் கீழ்நாட்டு வெக்கை ஒரு இரவாவது பழகும், நீங்களும் தூங்கி எழுந்திருப்பீர்கள். மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் போடுவார்கள். உங்கள் பாதையில் சிவப்பு விழுந்திருந்தால் இரவில் இறங்காதீர்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கத்து ஆட்களுக்கும் இதேதான், பெரகலை வளைவுகளும் பலாங்கொடைப் பாதையும் மழையில் நம்ப முடியாதவை.

வேனில் முன் சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குழந்தை சீட் இருந்தால் பின்னால் பூட்டி அதில் வையுங்கள். ரயில் என்றால் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 187 பஸ்ஸில் போகலாம். வேனைப் போலத் திடீர் வளைவுகளில் தூக்கிப்போடாததால் பிள்ளைக்குச் சுகம், ஆனால் ரயில் பிந்தும். விமானம் அடுத்த நாள் என்றால் மட்டும் ரயிலை நம்புங்கள்.

கொட்டகலையிலிருந்து: பால்மா குடிக்கிற பிள்ளை. தண்ணி கொண்டுபோக விடமாட்டாங்கன்னு சொல்றாங்க. உள்ள சுடுதண்ணி கிடைக்குமா?

நூறு மில்லிலீற்றர் கட்டுப்பாடு குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பொருந்தாது. பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். ஆனால் பையின் அடியில் புதைத்து வைத்துவிட்டு, மெஷினில் பிடிபட்ட பிறகு விளக்கம் சொல்லாதீர்கள். பிளாஸ்க், போத்தல், கூழ் டப்பா எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு, தட்டில் தனியாக வைத்து, “பிள்ளைக்கு” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திறந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

வீட்டிலேயே கரைத்துக்கொண்டு போகாதீர்கள். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, கொட்டகலையில் கரைத்தது அவிசாவளைக்கு வரும்போதே பழுதாகிவிடும். மாவை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து, உலர்ந்த சின்ன டப்பாக்களில் போடுங்கள். கொதித்த தண்ணீர் பிளாஸ்க்கில், கொதித்து ஆறிய தண்ணீர் போத்தலில். விமானத்தில் கேட்டால் சுடுதண்ணீர் தருவார்கள், ஆனால் சாப்பாட்டு வண்டி நடுவில் நிற்கும்போது கேட்டால் பிந்தும், சில இடத்தில் காசும் கேட்பார்கள். விமானத்தின் டாங்கித் தண்ணீரை நான் குழந்தைக்குக் கொடுக்கமாட்டேன். உங்கள் பிளாஸ்க்தான் நம்பிக்கை. தேவையைவிட ஒரு வேளைப் பால் கூடுதலாக எடுங்கள், விமானம் பிந்தினால் அதுதான் கைகொடுக்கும்.

சோதனையில் இன்னொரு விஷயம். பிள்ளையைத் துணியிலோ கேரியரிலோ கட்டியிருந்தால் கழற்றி, கையில் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வார்கள். வெள்ளி அரைஞாண், கொலுசு, தாயத்து எல்லாம் மெஷினில் சத்தம் போடும். கழற்ற வேண்டியதில்லை, சட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும். ஆனால் இறுக்கமான உடுப்புப் போட்டிருந்தால் அந்த வரிசையில் நின்று பொத்தான் கழற்றுவது பெரும்பாடு. முன்னால் திறக்கும் பருத்திச் சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர். கட்டுநாயக்கவில் ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள், விமானத்துக்குள் திரும்பப் போடுவீர்கள்.

பதுளையிலிருந்து: எங்களுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. நானும் அவரும் ஆளுக்கு ஒருத்தரை வச்சுக்கிட்டு பக்கத்துல உட்காரலாமா?

பெரும்பாலும் முடியாது. இந்த விமானங்களில் ஒரு பக்கத்துக்கு மூன்று சீட், மேலே ஒக்சிஜன் மாஸ்க் நான்கு. அதாவது ஒரு வரிசையின் ஒரு பக்கத்தில் ஒரு மடிக்குழந்தைக்குத்தான் இடம். நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று கேளுங்கள், கை எட்டும் தூரம்தான். அவசர வாசல் வரிசையில் குழந்தையோடு உட்கார விடமாட்டார்கள். தொட்டிலும் எதிர்பார்க்க வேண்டாம், இந்தச் சின்ன விமானங்களில் பொதுவாக இருக்காது. உங்கள் பெல்ட்டில் கோத்துப் பிள்ளையின் இடுப்பைச் சுற்றிப் போட ஒரு சின்ன பெல்ட் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

டயகமவிலிருந்து: அவர் துபாய்ல. நான் தனியா பத்து மாசப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன். பயமா இருக்கு அக்கா.

பயப்படாதீர்கள் தங்கச்சி, தனியாகப் போகிற தாய்மார் நிறையப் பேர். முதலில் காகிதம்: பிள்ளையைக் கூட்டிப்போக அவருக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம், அவருடைய பாஸ்போர்ட், விசா பிரதிகள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு. யாரும் கேட்காமலும் போகலாம். கேட்டால் கையில் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கோப்பில், தோள்பையின் வெளிப்பக்கத்தில்.

பெரிய லக்கேஜைக் காசு கட்டிக் கீழே போட்டுவிடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பல மலிவுக் கம்பனிகள் குழந்தைக்கென்று லக்கேஜ் எடை தருவதில்லை. ஆனால் தள்ளுவண்டியைக் காசில்லாமல் எடுப்பார்கள். அதற்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். விமானம் மேலே எழும்போதும் இறங்கும்போதும் கட்டியதை அவிழ்க்கச் சொல்வார்கள். இருவராகப் போகிறவர்களுக்கு நான், ஒருவர் பையோடு முன்னால் ஏறட்டும், மற்றவர் பிள்ளையோடு கடைசியில் ஏறட்டும் என்பேன். நீங்கள் தனி, அதனால் முதலிலேயே ஏறிவிடுங்கள். மேலே பை வைக்க இடம் கிடைக்கும், தூக்கி வைக்க ஆளும் இருக்கும்.

பம்பர்ஸ் மாற்ற எல்லா டொய்லட்டிலும் பலகை இருக்காது, எதில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். முழுப் பையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் திரும்ப இடமில்லை. ஒரு பம்பர்ஸ், ஈரத்துணி, ஒரு ஷொப்பிங் பேக், ஒரு மாற்றுடுப்பு. அதை மட்டும் சின்ன உறையில் போட்டுத் தயாராக வையுங்கள். உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும்.

வலப்பனையிலிருந்து ஒரு பாட்டி: மகள், பேத்தி பிறந்து நாப்பது நாள்கூட ஆகல. திருச்சியில கல்யாணம். தூக்கிக்கிட்டுப் போகலாமா?

அம்மா, கம்பனிச் சட்டம் அனுமதிக்கலாம். சில கம்பனிகள் பிறந்து சில நாளிலேயே ஏற்றுவார்கள், சிலர் இரண்டு வாரம் ஆக வேண்டும் என்பார்கள், டொக்டர் கடிதமும் கேட்பார்கள். ஆனால் என் மனம் ஒப்பவில்லை. இரண்டு மாதத் தடுப்பூசி போடும் வரையாவது பொறுங்கள். கல்யாண வீட்டில் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுவார்கள், விமானத்தைவிட எனக்கு அதுதான் பயம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, தாய்க்குச் சிசேரியன் என்றால் கட்டாயம் டொக்டரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். தாயும் பேத்தியும் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் போய் வாருங்கள்.

நோர்வூட்டிலிருந்து: அக்கா, அவசரம். நாளன்னைக்குப் பயணம். டிக்கட் போடும்போது பாப்பாவைச் சேர்க்க மறந்துட்டாங்க. எயார்போர்ட்ல சொன்னா சரியாகுமா?

எயார்போர்ட் வரை விட்டுவைக்காதீர்கள். ஒரு விமானத்தில் இத்தனை மடிக்குழந்தைகள்தான் என்று எல்லை இருக்கிறது, அது நிறைந்துவிட்டால் கவுண்டரில் சேர்க்க முடியாது. இன்றைக்கே கம்பனியின் இணையத்தளத்தில் உங்கள் புக்கிங்கைத் திறந்து குழந்தையைச் சேர்க்கப் பாருங்கள். அங்கே முடியாவிட்டால் அவர்களின் கோல் சென்டருக்கு எடுங்கள், ஏஜண்ட் போட்ட டிக்கட் என்றால் அவரைக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். பேசும்போது புக்கிங் இலக்கம், பாப்பாவின் பாஸ்போர்ட், பிறந்த திகதி மூன்றும் முன்னால் இருக்கட்டும். காசு கட்டிய பிறகு புது டிக்கட்டை மெயிலில் அனுப்பச் சொல்லி, உங்கள் பெயருக்குக் கீழே பாப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். போகும் பயணத்தில் மட்டும் சேர்த்துவிட்டு, திரும்பும் பயணத்தில் விட்டுவிடுவார்கள். இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போனை வையுங்கள்.